ஸ்ரீ அகளங்க தேவர்

சமண தருக்க நூலாசிரியருள் தலைமை சான்றவர் அகளங்க தேவர், கி.பி. 8ஆம் நூற்றாண்டினர். தம்பி நிஷ்களங்கருடன் பௌத்த மடத்தில் தம்மை மறைத்துக் கல்வி பயின்றார் என்றும், அது வெளிப்பட்டபோது தமையனைக் காக்கத் தம்பி உயிர் ஈந்தார் என்றும், பின்னர் இமசீதள மன்னன் அவையில் அகளங்கர் வாதில் வென்றார் என்றும் நம் மரபு கூறும்.

நல்லேதுவுக்குப் பௌத்தர் மூன்று இலக்கணம் வகுத்தனர்: பக்கத்தில் இருத்தல், சபக்கத்தில் இருத்தல், விபக்கத்தில் இல்லாமை. பாத்திரகேசரியார் வழிநின்ற அகளங்கர், சாத்தியமின்றி ஏது நிகழாமை என்னும் ஓரிலக்கணமே போதும் என நாட்டினார்.

ஒருத்தியின் மைந்தர் யாவரும் கரியர். ஆதலின் அவள் வயிற்று மகனும் கரியனே என்பது ஓர் அனுமானம். மூன்றிலக்கணமும் பொருந்தியும் இது பிழைபடும். அவள் மகனாதலுக்கும் கருமைக்கும் விலகாத் தொடர்பு இல்லை. கார்த்திகை உதித்தது; ஆதலின் இனி உரோகிணி உதிக்கும் என்பது மற்றொன்று. ஏது உரோகிணியிடத்து இல்லை. எனினும் முடிவு தவறாது. இதனை அவர்தம் லகீயஸ்திரயம் காட்டும்.

தமையன்மாரைக் கொண்டு தம்பியை அளந்து பழிப்போர் முதற்பிழையையே செய்கின்றனர். விலகாத் தொடர்பு உண்டா என வினவியபின் தீர்ப்புரைப்பதே அவ்வாசாரியருக்கு நாம் செய்யும் வழிபாடு.