பாட்டுக்கும் கூலி உண்டு



ரெக்கார்டு நோட்டில் படம் வரைவதைவிட அதன் கடைசிப் பக்கத்தில் பாட்டு எழுதுவதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். இது நம்ம ஒர்க்‌ஷாப் பேட்ச் முழுக்கத் தெரிந்த ரகசியம்! போன பொங்கலுக்கு எங்க ஊர்ப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் விளம்பரப் பாட்டு கேட்டார். மூன்று நாள் ராத்திரி கண் விழித்து எழுதிக் கொடுத்தேன். ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகப் போட்டார்கள். ஐந்நூறு ரூபாய் பேச்சு. போய்க் கேட்டால், நாலு வரிப் பாட்டுக்கெல்லாமா தம்பி காசு என்று சிரித்து, ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் புலம்பினேன். நாற்றங்காலுக்குத் தண்ணி கட்டிக்கொண்டிருந்தவர், நம்ம பட்டுக்கோட்டையார் பட்டதைவிடவா நீ பட்டுட்டே என்று ஆரம்பித்தார். அன்று அவர் சொன்னதையும், பிறகு நூலகத்தில் தேடிப் படித்ததையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள செங்கப்படுத்தான்காடு என்ற சிற்றூரில் 1930 ஏப்ரல் 13 அன்று கல்யாணசுந்தரம் பிறந்தார். அப்பா அருணாசலனார், அம்மா விசாலாட்சி. தஞ்சாவூர் என்றாலே பச்சைப் பசேல் என்று நினைப்போம். ஆனால் 1930களில் மேட்டூர் அணையோடு சேர்ந்து கல்லணைக் கால்வாய் வந்த பிறகுதான் பட்டுக்கோட்டைச் சீமைக்குக் காவிரித் தண்ணீர் ஒழுங்காக எட்டிப் பார்த்தது. அதுவும் கடைமடை. அந்த மண்ணில் பிறந்தவருக்குப் பள்ளிப் படிப்பு என்பது சில காலத் திண்ணைப் படிப்புதான். மீதியை வயலும் குளமும் சொல்லிக் கொடுத்தன.

அவர் செய்த தொழில்கள் பதினேழு என்று கணக்குச் சொல்வார்கள். மாடு மேய்த்தார், மாடு விற்றார், மாம்பழம் விற்றார், இட்லி விற்றார், முறுக்கு விற்றார், தேங்காயும் கீற்றும் விற்றார், மீனும் நண்டும் பிடித்தார், உப்பளத்தில் வேலை செய்தார், தண்ணீர் வண்டி ஓட்டினார். நம்ம டிபார்ட்மெண்ட் நண்பர்கள் காலரைத் தூக்கிக்கொள்ளலாம்: அவர் மிஷின் டிரைவராகவும் இருந்திருக்கிறார்!

அந்தக் காலத்தில் தஞ்சை மாவட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. பண்ணையாட்கள் செங்கொடியின் கீழ்ச் சேர்ந்து நியாயமான கூலி கேட்டார்கள். அந்தப் போராட்டங்களின் பலனாக 1952இல் தஞ்சை சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இளம் வயதிலேயே விவசாய இயக்கத்தில் சேர்ந்த கல்யாணசுந்தரம் அங்கே கற்றது ஒரு பாடம். உழைத்தவன் கூலி கேட்பது பிச்சை இல்லை, உரிமை.

நாடகம் அவரை ஊரைவிட்டு இழுத்தது. சக்தி நாடக சபாவில் நடித்தார். புதுவையில் பாவேந்தர் பாரதிதாசனிடம் இருந்து தமிழ் கற்றார். பிறகு சென்னை. ராயப்பேட்டையில் நடிகர் ஓ.ஏ.கே. தேவர், ஓவியர் கே.என். ராமச்சந்திரன் ஆகியோருடன் ஒரே அறையில் குடித்தனம். வாய்ப்புத் தேடி நடந்தே அலைந்த நாட்கள் அவை.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'பாசவலை' (1956) படத்துக்கு இவரைச் சிபாரிசு செய்தபோது, இசையமைப்பாளர் எம்.எஸ். விஸ்வநாதன் புது ஆள் என்று முதலில் தட்டிக் கழித்தாராம். பாட்டைப் பார்த்த பிறகு, இப்படிப்பட்டவரையா வேண்டாமென்றோம் என்று வருந்தினாராம். எம்.எஸ்.வி.யே பெருந்தன்மையோடு சொன்ன விஷயம் இது.

அப்பா ரசித்துச் சொன்ன இன்னொரு கதையும் உண்டு. ஒரு தயாரிப்பாளர் பாட்டுக்குப் பணம் பாக்கி வைத்துவிட்டார். கவிஞர் நேரில் போய்க் கேட்டார். நாளைக்கு வா, நில்லு என்று இழுத்தடித்தார்கள். கவிஞர் சண்டை போடவில்லை. ஒரு தாளில் சுடச்சுட நாலு வரி எழுதி வைத்துவிட்டு வந்துவிட்டார். அதைப் படித்த தயாரிப்பாளர் பதறிப்போய்ப் பணத்தைக் கொடுத்தனுப்பினாராம். ஐந்நூறு ரூபாய்க்கு டீ குடித்துவிட்டு வந்த எனக்கு இது சாட்டையடியாக இருந்தது!

1958இல் எம்.ஜி.ஆரின் 'நாடோடி மன்னன்', 1959இல் ஸ்ரீதரின் 'கல்யாண பரிசு' என்று புகழ் உச்சிக்கு ஏறியது. ஆனால் அதே 1959 அக்டோபர் 8 அன்று கவிஞர் மறைந்தார். வயது 29. வீட்டில் இளம் மனைவி, கைக்குழந்தை. சினிமாவில் அவர் இருந்தது சுமார் ஐந்தே ஆண்டுகள்.

அவர் எழுதிய பாட்டு அதன்பின் எத்தனை ரெக்கார்டு, எத்தனை ரேடியோ, எத்தனை டீக்கடை! அரசியல் மேடைகளிலும் ஒலித்தது. முதல்வரான பிறகு எம்.ஜி.ஆர், தன் நாற்காலியின் மூன்று கால்கள் எவை என்று தெரியாது, நாலாவது கால் பட்டுக்கோட்டையாரின் பாட்டு என்ற பொருளில் பெருமையாகப் பேசினார். 1981இல் அவருக்குப் பாவேந்தர் விருதும் கிடைத்தது. அவர் படைப்புகளைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியது.

சந்தோஷம்தான். ஆனால் பாட்டு எழுதியவருக்கு அந்தக் காலத்தில் கிடைத்தது பெரும்பாலும் ஒரு தடவைக் கூலி மட்டுமே. பாட்டின் உரிமை தயாரிப்பாளருக்கே என்று 1977இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் நிலைமை மாறியது. தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர, வேறு எங்கே பாட்டு ஒலித்தாலும் ராயல்டியில் பங்கு கேட்கும் உரிமை எழுதியவருக்கு வந்தது. அதை எழுதிக் கொடுத்தாலும் அந்த உரிமை போகாது. அந்தச் சட்டம் வந்தபோது பட்டுக்கோட்டையார் மறைந்து 52 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.

நண்பர்களே! நம்மில் பாட்டு எழுதுபவர், பாடுபவர், கீபோர்டு வாசிப்பவர் பலர் இருக்கிறோம். டிப்ளமோவை விட்டுவிட்டுக் கோடம்பாக்கத்துக்கு ரயில் ஏறச் சொல்லவில்லை. பாட்டை விட்டுவிடவும் சொல்லவில்லை. பதினேழு தொழில் செய்த கையால்தான் அவர் பாட்டு எழுதினார். அதனால்தான் அதில் வேர்வை வாசம் அடிக்கிறது. லேத்தும் வெல்டிங்கும் நமக்கும் அப்படி உதவும்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். வேலைக்கு முன்னால் பேசுங்கள், பேசியதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அறுவடைக்குப் போகிற எங்க அம்மா கூலி பேசாமல் வயலில் இறங்குவதில்லை. பாட்டும் ஒரு விளைச்சல்தானே!

இந்தப் பொங்கலுக்கும் அந்தக் கடைக்காரர் ஆள் அனுப்பினார். பழைய பாக்கி ஐந்நூறைக் கொடுத்தால் புதுப்பாட்டு என்று சொல்லி அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை. ஆனால் பாட்டு தயாராக இருக்கிறது!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை