கடல் கடந்து மீண்ட கணித மேதை

குடகு மலையிலே பிறந்து, நெடுவழி நடந்து, கல்லணையைக் கடந்தபின் பல கிளைகளாகப் பிரிந்து, ஆறாகவும் வாய்க்காலாகவும் பரந்து, வயல்தோறும் புகுந்து நெல்லாக விளைவது காவிரியின் இயல்பு. அவ்வாற்றின் வளத்தால் சோற்றுக்குப் பெயர் பெற்றது தஞ்சை நாடு. அந்நாட்டில், காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடையே அமைந்த பழம்பெரு நகரம் கும்பகோணம். கோயில்களாலும் மகாமகக் குளத்தாலும் புகழ் பெற்ற அந்நகரம், கணித மேதை சீனிவாச இராமானுஜன் வளர்ந்த ஊர் என்னும் பெருமையும் உடையது.

இராமானுஜன் வறுமையில் வளர்ந்ததையும், எண்களின் இயல்பை ஆராய்ந்து உலகை வியக்கச் செய்ததையும் பலரும் அறிவர். ஆயின், கடல் கடந்து சென்று ஏறக்குறைய ஐந்தாண்டு கற்றபின், தாய்நாடு திரும்ப ஆயத்தமானபோது அவர் செய்த செயல் ஒன்று உண்டு. அதனை அறிந்தோர் சிலரே. கணிதநூல்கள் அவருடைய அறிவின் பெருமையைக் கூறும். அச்செயலோ அவருடைய உள்ளத்தின் பெருமையைக் கூறும்.

இளமையும் வறுமையும்

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள், தம் தாயின் பெற்றோர் வாழ்ந்த ஈரோட்டிலே பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார், கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதி வந்தார். அன்னையார் கோமளத்தம்மாள். சாரங்கபாணி சன்னிதித் தெருவில் ஒரு சிறு வீட்டில் அக்குடும்பம் வாழ்ந்தது. வருவாய் சிறிது, தேவையோ பெரிது.

1898ஆம் ஆண்டு இராமானுஜன் கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியிற் சேர்ந்தார். அங்குக் கணக்கில் அவருக்கு நிகரானவர் எவரும் இலர். பள்ளியின் இறுதி வகுப்புகளிற் பயிலும்போது, கார் என்பவர் தொகுத்த கணிதநூல் ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. ஏறத்தாழ 5,000 கணித முடிவுகள், விளக்கம் மிகுதியும் இன்றி, அந்நூலில் நிரல்பட வைக்கப்பெற்றிருந்தன. பிறர் கண்டு மலைக்கும் அந்நூல் அவருக்கு விருந்தாயிற்று. ஒவ்வொரு முடிவையும் தாமே மெய்ப்பித்துப் பார்த்தார்; பார்த்தவர் புதிய முடிவுகளையும் காணத் தொடங்கினார்.

1904ஆம் ஆண்டில் அவர் காவிரிக் கரையில் உள்ள அரசினர் கல்லூரியில் உபகாரச் சம்பளம் பெற்றுச் சேர்ந்தார். ஆனால் உள்ளம் முழுவதும் கணிதத்திலேயே சென்றமையால், ஆங்கிலக் கட்டுரைத் தேர்வில் தவறினார். உபகாரச் சம்பளம் நின்றது. கல்லூரிக்குச் சம்பளம் கட்டிப் படிக்கக் குடும்பத்துக்கு வசதி இல்லை, படிப்பும் நின்றது. பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் 1906ஆம் ஆண்டில் மீண்டும் முயன்றார். அங்கும் தேர்ச்சி பெற்றாரில்லை. காகிதம் வாங்கவும் பொருளின்றிக் கற்பலகையில் கணக்கிட்டு, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, எஞ்சியதை முழங்கையால் துடைத்துவிடுவார். சில ரூபாய்கள் இன்மையால் ஒரு மாணவனுடைய கல்வி எவ்வாறு தடைப்படும் என்பதை அவர் நூலிற் படித்து அறியவில்லை, பட்டு அறிந்தார்.

கடல் கடத்தல்

இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த வி. இராமசாமி ஐயர், நெல்லூர் மாவட்ட ஆட்சித் தலைவராயிருந்த இராமச்சந்திர ராவ் முதலிய நல்லோர் அவருடைய திறமையை உணர்ந்து துணை நின்றனர். 1912ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள், சென்னைத் துறைமுகத்தில் திங்களுக்கு 30 ரூபாய் ஊதியத்தில் அவர் எழுத்தரானார்.

1913ஆம் ஆண்டு சனவரித் திங்களில், தாம் கண்ட கணித முடிவுகள் பலவற்றை எழுதி, இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் விளங்கிய கணித அறிஞர் ஹார்டிக்கு அனுப்பினார். முன்பின் அறியாத ஓர் எழுத்தர் அனுப்பிய அத்தாள்களை ஹார்டி புறக்கணித்தாரில்லை. தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து அவற்றை ஆராய்ந்தார். எழுதியவர் மாமேதை என்று தெளிந்தார். கேம்பிரிட்ஜுக்கு வருமாறு அழைத்தார்.

கடல் கடத்தல் குலவொழுக்கத்துக்கு மாறு என்று கருதிய காலம் அது. அன்னையார் முதலில் இசையவில்லை, பின்னர் இசைந்தார். குடுமியைக் களைந்து, மேனாட்டு உடை பூண்டு, இளம் மனைவி சானகியையும் பெற்றோரையும் பிரிந்து, 1914ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் நெவாசா என்னும் கப்பலில் இராமானுஜன் புறப்பட்டார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் அளித்தது. அதில் 50 பவுன் குடும்பத்துக்குச் சேருமாறு அவர் ஏற்பாடு செய்தார்.

அயல்நாட்டு வாழ்க்கை

கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியிலே தங்கி இராமானுஜன் ஆராய்ச்சி செய்தார். புலால் உண்ணா நோன்பினர் ஆதலின், தம் உணவைத் தாமே சமைத்துக்கொண்டார். அந்நாட்டுக் குளிரோ அவருக்குப் பெரும்பகையாயிற்று. படுக்கையில் கம்பளிகளை அடுக்கி விரித்திருப்பது அவற்றினுள்ளே நுழைந்து படுப்பதற்கே என்பதை அறியாமல், அவற்றின் மேலே படுத்து, மேற்சட்டையையும் சால்வையையும் போர்த்துக்கொண்டு நடுங்கியிருக்கிறார். அப்போது அங்குப் பயின்ற வங்காள மாணவர் மகலனோபிசு இதனைக் கண்டு, கம்பளிக்குள் படுக்கும் முறையை அவருக்குக் காட்டினார்.

அவர் சென்ற சில திங்களில் முதல் உலகப்போர் மூண்டது. ஆசிரியர் பலர் போர்ப்பணிக்குச் சென்றனர். ஆயினும் ஹார்டியுடன் கூடி அவர் செய்த ஆராய்ச்சி ஓங்கி வளர்ந்தது. அவ்வாராய்ச்சியில் ஒன்றை மட்டும் இங்குக் காண்போம். நான்கு என்னும் எண்ணை நான்கு எனவும், மூன்றும் ஒன்றும் எனவும், இரண்டும் இரண்டும் எனவும், இரண்டும் ஒன்றும் ஒன்றும் எனவும், நான்கு ஒன்றுகள் எனவும் ஐந்து வகையாகப் பிரிக்கலாம். எண் பெருகப் பெருக வகைகளும் அளவின்றிப் பெருகும். 200 என்னும் எண்ணைப் பிரிக்கும் வகைகள் 39,72,99,90,29,388 ஆகும். ஒவ்வொன்றாக எண்ணி இதனைக் காண இயலுமோ? இத்தொகையைக் கணக்கிடுவதற்கு இராமானுஜனும் ஹார்டியும் ஒரு வாய்பாடு கண்டனர். 1916ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருடைய ஆராய்ச்சிக்காகப் பட்டம் அளித்தது. தாய்நாட்டில் இருமுறை தேர்வில் தவறியவர், அயல்நாட்டில் ஆராய்ச்சியாற் பட்டதாரியானார்.

நோயும் சிறப்பும்

1917ஆம் ஆண்டில் இராமானுஜனை நோய் பற்றியது. காசநோய் என்று மருத்துவர் கருதினர். பிற்காலத்தில் நோய்க்குறிகளை ஆராய்ந்த அறிஞர் ஒருவர், அஃது ஈரலைத் தாக்கும் அமீபா நோயாக இருத்தல் கூடும் என 1994ஆம் ஆண்டில் எழுதினார். நோய் எதுவாயினும் உடல் மெலிந்தது, உள்ளமும் தளர்ந்தது. ஊர் திரும்பலாம் என்றாலோ, கடலில் பகைவரின் நீர்மூழ்கிக் கப்பல்கள் திரிந்தன. மருத்துவ விடுதி மாறி மருத்துவ விடுதியாக நாள்கள் கழிந்தன.

அந்நிலையிலும் அவருடைய அறிவு மங்கவில்லை. இலண்டனில் பட்னி என்னும் இடத்து விடுதியில் அவரைக் காணவந்த ஹார்டி, தாம் வந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும், அது சிறப்பில்லாத எண்ணாகத் தோன்றுகிறது என்றும் கூறினார். இராமானுஜன் உடனே அதனை மறுத்தார். இரு மும்மடி எண்களின் கூட்டுத்தொகையாக இருவேறு வகையில் எழுதக்கூடிய எண்களுள் அதுவே மிகச் சிறியது என்றார். ஒன்றின் மும்மடியும் பன்னிரண்டின் மும்மடியும் கூடினாலும் 1729. ஒன்பதின் மும்மடியும் பத்தின் மும்மடியும் கூடினாலும் 1729. நீங்களும் கூட்டிப் பார்க்கலாம்.

நோய்ப்படுக்கையில் இருந்தவரைச் சிறப்புகள் தேடி வந்தன. 1918ஆம் ஆண்டில் இலண்டன் இராயல் சங்கம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அவ்வாண்டு அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியும் அவரைத் தன் ஆய்வுறுப்பினர் ஆக்கியது. இந்தியருள் அச்சிறப்பை முதன்முதல் பெற்றவர் அவரே. இதனால் ஆறாண்டுகளுக்கு, ஆண்டுதோறும் ஏறத்தாழ 250 பவுன் அவருக்கு உரியதாயிற்று.

திரும்பும் ஏற்பாடும் திருமுகமும்

1918ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் போர் ஓய்ந்தது, கடல்வழி திறந்தது. தாய்நாட்டு வெயிலும், தம் மக்களின் பரிவும், பழகிய உணவும் அவருக்கு நலந்தரும் என்று கருதிய ஹார்டி, சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். இராமானுஜன் எவ்வகைக் கட்டுப்பாடும் இன்றி ஆராய்ச்சி செய்துவருமாறு, ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 250 பவுன் அளிப்பதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது.

இத்தொகையின் அளவைச் சற்று நினைத்துப் பாருங்கள். துறைமுகத்தில் ஓராண்டு முழுவதும் எழுதி இராமானுஜன் பெற்றது 360 ரூபாய். அவர் கப்பலேறிய காலத்தில் ஒரு பவுன் 15 ரூபாய்க்குச் சமம். அக்கணக்கின்படி 250 பவுன் என்பது 3,750 ரூபாய். துறைமுகத்தில் பத்தாண்டு உழைத்தாலும் ஈட்டவியலாத பொருள். கல்லூரி அளித்ததும் பல்கலைக்கழகம் அளித்ததும் சேர்ந்து, ஒவ்வோராண்டும் அதனினும் இருமடங்கு அவர் கைக்கு வரும்.

நோயுற்றவர், இளம் மனைவியை உடையவர், பல்லாண்டு வறுமையில் வாடியவர். அவர் அச்செல்வம் முழுவதையும் தமக்கென வைத்துக்கொண்டிருந்தாலும் உலகம் பழித்திராது. ஆனால் 1919ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள், மருத்துவ விடுதியிலிருந்தபடியே, சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு அவர் ஒரு மடல் விடுத்தார். பல்கலைக்கழகத்தின் உதவியை நன்றியுடன் ஏற்பதாக அதில் எழுதினார். தாய்நாடு மீண்டபின், தமக்கு உரியதாகும் தொகை தம் தேவையினும் மிகுதியாகவே இருக்கும் என்றார். ஆண்டுக்கு 50 பவுன் தம் பெற்றோருக்குக் கொடுத்து, தம் இன்றியமையாச் செலவு போக எஞ்சுவதைக் கல்விப் பணிக்குச் செலவிட வேண்டும் என விரும்பினார். எத்தகைய கல்விப் பணி என்பதையும் அவரே குறித்தார்: ஏழைச் சிறுவருக்கும் பெற்றோரை இழந்தவருக்கும் பள்ளிச் சம்பளத்தைக் குறைத்தலும், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கித் தருதலும் ஆகும். நோயினால் ஈராண்டுகளாக முன்போல் ஆராய்ச்சி செய்ய இயலாமற்போனதற்கு வருந்தி, பெற்ற உதவிக்குத் தகுதியுடையவராக இனி இயன்றவரை உழைப்பதாகவும் தெரிவித்தார்.

பள்ளிச் சம்பளமும் புத்தகமும்! உலகப் பேரறிஞர் வரிசையில் இடம் பெற்றவர், ஊருக்குத் திரும்புமுன் நினைத்தவை இவ்விரண்டே. அன்று கும்பகோணத்தில் கல்விச் சம்பளம் கட்ட வழியின்றி வெளியேறிய மாணவனை அவர் மறக்கவில்லை. ஊர்தோறும் அத்தகைய மாணவர் இருப்பர் என்பதையும் அவர் மறக்கவில்லை.

தாய்நாட்டில்

1919ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் நகோயா என்னும் கப்பலில் இராமானுஜன் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டார். ஒரு திங்கள் கழித்துப் பம்பாயில் இறங்கினார். அன்னையாரும் தம்பியும் துறைமுகத்தில் எதிர்கொண்டனர். கட்டுடலோடு சென்றவர் எலும்பும் தோலுமாய் மீண்டதைக் கண்ட தாயுள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்! ஏப்பிரல் தொடக்கத்தில் சென்னையை அடைந்தார். சானகியம்மையார் அருகிருந்து பேணினார். காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் சில திங்கள் தங்கியபின், செப்டம்பரில் தாம் வளர்ந்த கும்பகோணத்துக்கு வந்தார். ஆற்றிலும் வாய்க்காலிலும் நீர் பெருகி, வயல்களில் சம்பா நடவு நடைபெறும் காலம் அது. ஆனால் அவ்வூர்க் காற்றாலும் நோய் தணியவில்லை. 1920ஆம் ஆண்டு சனவரியில் மருத்துவத்திற்காகச் சென்னைக்கு அழைத்துச் செல்லப்பெற்றார்.

உடல் நலிந்த அவ்வோராண்டிலும் அவர் கை ஓயவில்லை. படுத்தவாறே தாள்களைக் கேட்டு வாங்கிக் கணக்கிட்டார். போலித் தீட்டாச் சார்புகள் எனப்படும் புதியதொரு துறையைக் கண்டு, அதனைச் சனவரித் திங்களில் ஹார்டிக்கு எழுதினார். இயன்றவரை உழைப்பதாக அளித்த வாக்கினை அவர் காத்தார். ஏழைச் சிறுவரைப் பற்றிய எண்ணத்தை நிறைவேற்றவோ காலம் இடந்தரவில்லை. 1920ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆம் நாள், தம் முப்பத்திரண்டாம் வயதில், சென்னைச் சேத்துப்பட்டில் அவர் மறைந்தார்.

அவர் இறுதியாண்டில் எழுதிய தாள்கள் கடல் கடந்து சென்று, டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கேட்பாரற்றுக் கிடந்தன. 1976ஆம் ஆண்டில் ஆண்ட்ரூசு என்னும் அமெரிக்க அறிஞர் அவற்றைக் கண்டெடுத்தார். அவற்றில் இருந்த நூற்றுக்கணக்கான முடிவுகள் பல அறிஞரின் ஆராய்ச்சிக்கு விருந்தாயின. கும்பகோணத்தில் அவர் வாழ்ந்த சிறுவீடு இன்று நினைவில்லமாகப் போற்றப்படுகிறது. அவர் பிறந்த டிசம்பர் 22ஆம் நாள், 2012ஆம் ஆண்டு முதல் தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்பெறுகிறது.

மாணவர்களே! தலைமடையில் நீர் நிரம்பியிருந்தால் மட்டும் போதாது. கடைமடை வயலுக்கும் அது சென்று சேரவேண்டும் என்பதைத் தஞ்சை நாட்டு உழவர் நன்கு அறிவர். கல்விக்கும் அதுவே முறை. இராமானுஜனைப் போன்ற கணித அறிவு எல்லோர்க்கும் வாய்ப்பதன்று. ஆனால், கற்றுயர்ந்தபின் தமக்குப் பின்னே நிற்கும் எளியவரை நினைக்கும் உள்ளம் எல்லோர்க்கும் வாய்க்கக் கூடியதே. நீங்கள் தொலைநாடுகளுக்குச் சென்று பெருங்கல்வி பெறலாம், பெரும்பொருளும் ஈட்டலாம். ஊர் திரும்பும் நாளில், புத்தகம் இன்றி ஏங்கும் சிறுவன் ஒருவனையும் நினைத்துக்கொள்ளுங்கள். அதுவே அம்மேதைக்கு நீங்கள் செய்யும் உண்மையான சிறப்பாகும்.