ஓவியச் சிறுவன் கண்ட விழித்திரை

குட்டீஸ், புதுக்கோட்டை அருகே உள்ள சித்தன்னவாசலுக்குப் போயிருக்கிறீர்களா? குடைவரைக் கோயிலின் கூரையில் தாமரைக்குளம், மீன், அன்னம், யானை எல்லாம் தீட்டியிருப்பார்கள். அண்ணாந்து பார்த்ததுமே அந்தக் காட்சி கண்ணிலிருந்து மூளைக்குப் போய்விடுகிறது. எப்படி? அந்த வழியைக் காட்டியவரும் ஓவியப் பைத்தியம்தான்!

அவர் பெயர் சாந்தியாகோ ரமோன் இ கஹால். 1852ம் ஆண்டு ஸ்பெயின் நாட்டு மலைக்கிராமம் ஒன்றில் பிறந்தார். அப்பா மருத்துவர், ரொம்பக் கண்டிப்பானவர். மகனோ சுவர், கதவு என்று எதையும் விடாமல் படம் வரைந்தான். அப்பா அவன் வரைந்த படத்தை, மாதா கோயிலுக்கு வெள்ளையடிக்க வந்தவரிடம் காட்டினார். அவர் வெறும் கிறுக்கல் என்று சொல்லிவிட, வீட்டில் ஓவியத்துக்குத் தடை!

சிறுவனின் குறும்புக்கும் அளவில்லை. 11 வயதில் தானே பீரங்கி செய்து, பக்கத்து வீட்டுக் கதவை உடைத்துச் சிறைக்கும் போனான். அப்பா அவனை முடிதிருத்தும் கடையிலும், செருப்புத் தைக்கும் கடையிலும் வேலைக்கு விட்டார்.

அப்பாவே பிறகு வேறு வழி கண்டார். மகனைப் பழைய கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப்போய், எலும்புகளைச் சேகரித்து உடற்கூறு கற்பித்தார். எலும்புகளை வரைய ஆரம்பித்த கஹாலுக்கு மருத்துவம் பிடித்துப்போனது. 1873ல் மருத்துவரானார். ராணுவ மருத்துவராக கியூபா சென்று, மலேரியாவால் நலிந்து நாடு திரும்பினார். பின்னர் நுண்ணோக்கி வாங்கி, வீட்டிலேயே ஆய்வைத் தொடங்கினார்.

அக்காலத்தில், நரம்புகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே வலை என்றே பலர் நம்பினர். இத்தாலி விஞ்ஞானி கமில்லோ கால்ஜியும் அப்படித்தான் நினைத்தார். கால்ஜி கண்டுபிடித்த வெள்ளிச் சாயத்தையே மேம்படுத்தி, 1888ல் கஹால் உண்மையைக் கண்டார். ஒவ்வொரு நரம்பணுவும் தனித்தனி! கண்ணின் பின்புறம் உள்ள மெல்லிய விழித்திரையில், ஒளியை உணரும் அணுக்கள் அடுத்த அணுக்களுக்குச் செய்தி தருகின்றன. கடைசி வரிசை அணுக்களின் இழைகள் சேர்ந்து பார்வை நரம்பாகி மூளைக்குப் போகின்றன. இதையெல்லாம் அவர் கையாலேயே வரைந்தார்.

1906ல் இருவருக்கும் சேர்த்தே நோபல் பரிசு கிடைத்தது. பரிசு பெற்ற பிறகும் கால்ஜி தன் கருத்தை விடவில்லை!

வளரும் நரம்பிழைக்கு வழி எப்படித் தெரிகிறது? ஏதோ ரசாயனப் பொருள் அதை ஈர்த்து வளர்க்கிறது என்று 1892லேயே கஹால் ஊகித்தார். அதை நிரூபிக்க அன்று வசதியில்லை. 1934ல் மறைந்தார்.

1950களில் இத்தாலியப் பெண் விஞ்ஞானி ரீட்டா லெவி மொண்டால்சினி, நரம்பணுக்களை வளர்க்கும் புரதத்தைக் கண்டறிந்தார். அது கிடைக்காவிட்டால் சில நரம்பணுக்கள் செத்துப்போகும்! 1982ல் பன்றி மூளையிலிருந்து அதே வகையைச் சேர்ந்த இன்னொரு புரதம் பிரித்தெடுக்கப்பட்டது. விழித்திரை நரம்பணுக்கள் பிழைத்திருக்கவும், இழை விடவும் அது உதவுகிறது.

கண்ணழுத்த நோயான கிளாக்கோமாவில் இந்த நரம்பணுக்கள்தான் அழிகின்றன. போன பார்வையை மீட்க இன்னும் மருந்து இல்லை. காவல் புரதங்களைக் கொண்டு அவற்றைக் காப்பாற்ற முடியுமா என்று விஞ்ஞானிகள் தேடி வருகிறார்கள். நாளை உங்களில் ஒருவர் அந்த மருந்தைக் கண்டுபிடிக்கலாமே!