சிலந்திக்குப் பெயர் சூட்டியவர்

அரசர்க்கு வரலாறு எழுதியோர் பலர். சிலந்திக்கு வரலாறு எழுதிய ஒருவரை நண்பர்களுக்கு நான் அறிமுகப்படுத்த விரும்புகிறேன்.

யூஜின் சிமோன் 1848இல் பாரிசில் பிறந்தார். சிலந்திகளின் இயற்கை வரலாறு பற்றிய அவரது நூல் 1864இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 16! நம்மில் பலர் பள்ளி இறுதித் தேர்வை எண்ணி நடுங்கிய வயது அது.

பின்னர் வெனிசுவேலா, பிலிப்பைன்சு, 1892இல் இலங்கை என வெப்ப நாடுகளுக்கும் சென்று சிலந்திகளைத் திரட்டினார். கடுகளவுச் சிலந்தியையும் அவர் ஒதுக்கவில்லை. பெரும்பாலும் 8க்குப் பதில் 6 கண்களே உடைய அத்தகைய சிறு சிலந்திகளை 1890இல் ஊனோப்பிடே என்னும் தனிக் குடும்பமாக வகுத்தார். கண்களின் வரிசை, காலின் முள், ஆண் சிலந்தியின் உணர்கால் நுனி ஆகியவற்றை உருப்பெருக்கியில் பார்த்து எழுதினால்தான் ஓர் இனம் மற்றொன்றிலிருந்து பிரியும். அவ்வாறு அவர் விவரித்த இனங்கள் 3,000க்கும் மேல்! 1924இல் மறைந்தார். பிரான்சுச் சிலந்திகளைப் பற்றி அவர் தொடங்கிய பெருநூலைப் பிறர் 1937இல் முடித்தனர்.

பெயரற்ற உயிர் காட்டோடு அழிந்தால், அழிந்தது என்று சொல்லவும் ஆளில்லை. சிமோனின் தொண்டை நான் போற்றுவது இதனால்தான். விடுதியின் பின்புறம் கிடக்கும் சருகை ஒருநாள் குனிந்து பாருங்கள், நண்பர்களே!