ஒரு கோப்பையும் 10 ஆண்டு சிறையும்: ஸ்பார்டக் மாஸ்கோவை உருவாக்கிய நிக்கோலாய் ஸ்தாரோஸ்தின் யார்?

1939 செப்டம்பர் 30. மாஸ்கோவில் சோவியத் கோப்பை அரையிறுதி ஆட்டம். ஸ்பார்டக் மாஸ்கோவும் டைனமோ திபிலிசியும் மோதுகின்றன. இதுல ஒரு விசித்திரம் இருக்கு. இறுதிப் போட்டி செப்டம்பர் 12-ம் தேதியே முடிந்துவிட்டது. அதில் ஜெயித்து கோப்பையை வாங்கியதும் இதே ஸ்பார்டக்தான்.

கோப்பையை வாங்கிய பிறகு அரையிறுதியா? ஆமாம். முதலில் நடந்த அரையிறுதியில் ஸ்பார்டக் 1-0 என்று வென்றிருந்தது. அந்த கோல் செல்லாது என்று திபிலிசி அணி புகார் கொடுத்தது. விளையாட்டுத் துறை அதைத் தள்ளுபடி செய்தது. ஆனால் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: ஆட்டத்தை மறுபடி நடத்து!

திபிலிசி, ஜார்ஜியாவின் தலைநகரம். சோவியத் ரகசிய போலீசின் தலைவராக அப்போது இருந்த லவ்ரெந்தி பெரியாவும் ஜார்ஜியாக்காரர். டைனமோ என்ற பெயரில் நாடு முழுக்க இருந்த கிளப்கள் எல்லாம் ரகசிய போலீஸ் துறையைச் சேர்ந்தவை. அவற்றின் கௌரவத் தலைவரும் பெரியாதான். உத்தரவு எங்கிருந்து வந்திருக்கும் என்று யாரும் தனியாக விளக்க வேண்டியதில்லை.

மறு ஆட்டத்திலும் ஸ்பார்டக் விட்டுக்கொடுக்கவில்லை. 3-2. நாற்காலியைத் தள்ளிவிட்டு பெரியா எழுந்து போனதாகப் பின்னாளில் எழுதினார் ஒருவர். அவர்தான் ஸ்பார்டக்கை உருவாக்கிய நிக்கோலாய் ஸ்தாரோஸ்தின். அன்று ஜெயித்ததற்கு அவர் கொடுத்த விலை பெரியது.

யார் இந்த ஸ்தாரோஸ்தின்?

1902-ல் மாஸ்கோவின் பிரெஸ்னியா பகுதியில் பிறந்தவர். அப்பா வேட்டைக்காரர், வேட்டைச் சங்கம் ஒன்றில் வேலை பார்த்தவர். 1920-ல் டைபஸ் காய்ச்சலில் அப்பா இறந்துபோக, குடும்ப பாரம் மூத்த பையன் நிக்கோலாய் தலையில் விழுந்தது. கோடையில் கால்பந்து, குளிர்காலத்தில் ஐஸ் ஹாக்கி. விளையாடிச் சம்பாதித்தே வீட்டைப் பார்த்துக்கொண்டார். தம்பிகள் அலெக்சாண்டர், ஆந்த்ரேய், பியோத்தர் மூன்று பேரும் பின்னாலேயே மைதானத்துக்கு வந்துவிட்டார்கள்.

1922-ல் பிரெஸ்னியாவில் ஒரு சின்ன கிளப் தொடங்கியது. பேரும் ஆதரவாளர்களும் அடிக்கடி மாறினார்கள். ஒரு கட்டத்தில் உணவுத் துறைத் தொழிலாளர்கள், பிறகு கைத்தொழில் கூட்டுறவு அமைப்பு. 1930-களின் நடுவில்தான் ஸ்பார்டக் என்ற பெயர் வந்தது. ரோமை எதிர்த்துக் கிளம்பிய அடிமை வீரன் ஸ்பார்ட்டகஸின் பெயர் அது.

டைனமோ போலீசின் அணி. இன்று சி.எஸ்.கே.ஏ என்று அழைக்கப்படும் கிளப் ராணுவத்தின் அணி. ஸ்பார்டக்கின் பின்னால் நின்றதோ கடைக்காரர்கள், தையல்காரர்கள் மாதிரியான ஆட்கள். மக்கள் அணி என்ற பெயர் இப்படித்தான் ஒட்டிக்கொண்டது. அதற்காக ரொம்ப ஏழை அணி என்று நினைத்துவிட வேண்டாம். கம்யூனிஸ்ட் இளைஞர் அமைப்பின் தலைவர் அலெக்சாண்டர் கோசரேவின் ஆதரவு ஸ்தாரோஸ்தினுக்கு இருந்தது. நல்ல ஆட்டக்காரர்களுக்கு நல்ல பணம் கொடுத்து இழுக்கவும் அவருக்குத் தெரியும்.

ஸ்டாலின் முன்னால் 43 நிமிடம்

1936 கோடையில், விளையாட்டு அணிவகுப்பின் பகுதியாக செஞ்சதுக்கத்தில் ஸ்டாலின் முன்னால் ஒரு கால்பந்து ஆட்டம் ஆடிக்காட்ட வேண்டும் என்று முடிவானது. கல் பாவிய தரையில் எப்படி ஆடுவது? கம்பளித் துணியை ஒன்றோடொன்று தைத்து, பச்சை வண்ணம் பூசி, சதுக்கத்தில் விரித்தார்கள். பந்து பறந்து கிரெம்ளின் சுவரிலோ, அதைவிட மோசமாக வேறு யார் மேலோ பட்டால் என்ன ஆவது? டைனமோ பின்வாங்கிவிட்டது. ஸ்பார்டக் தன் ஆட்களையே இரண்டு அணியாகப் பிரித்து ஆடியது.

ஸ்டாலினுக்கு அலுப்புத் தட்டினால் வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டி நிறுத்தச் சொல்வதாக கோசரேவுடன் ஏற்பாடு. அரை மணி நேரம்தான் திட்டம். கைக்குட்டை வெளியே வரவே இல்லை. ஆட்டம் 43 நிமிடம் நடந்தது. அன்று அது பெரிய வெற்றி. சில வருஷத்தில் அதுவே குற்றச்சாட்டாகத் திரும்பி வந்தது.

கைது எப்போது? ஏன்?

1938, 1939 இரண்டு வருஷமும் லீக், கோப்பை இரண்டையும் ஸ்பார்டக் அள்ளியது. இதற்கிடையில் 1939 தொடக்கத்தில் கோசரேவ் சுட்டுக் கொல்லப்பட்டார். ஸ்தாரோஸ்தினைக் கைது செய்யும் உத்தரவும் அப்போதே தயாரானது என்றும், அதில் கையெழுத்துப் போட பிரதமர் மோலதோவ் மறுத்துவிட்டார் என்றும் ஸ்தாரோஸ்தின் தன் நினைவுக் குறிப்பில் சொல்கிறார். இருவரின் மகள்களும் ஒரே பள்ளியில் படித்தார்களாம்.

1942 மார்ச்சில் அந்த அதிர்ஷ்டம் முடிந்தது. நடுராத்திரி, முகத்தில் டார்ச் வெளிச்சம். நான்கு சகோதரர்களும் கைது.

லுபியான்கா சிறையில் ஒன்றரை வருஷத்துக்கும் மேல் விசாரணை. 1936 அணிவகுப்பில் ஸ்டாலினைக் கொல்லத் திட்டமிட்டதாக முதலில் ஜோடித்தார்கள். அது நிற்கவில்லை. கடைசியில், முதலாளித்துவ நாடுகளின் விளையாட்டைப் புகழ்ந்து பேசினார் என்ற வகையில் குற்றம் சாட்டி 10 ஆண்டு தண்டனை. அந்தக் காலத்தில் 10 ஆண்டு என்பது லேசான தண்டனை! சகோதரர்களை ஆளுக்கொரு முகாமுக்கு அனுப்பினார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கதையில் பாதிக்கு மேல் ஸ்தாரோஸ்தினே எழுதி வைத்தது. கிளப் பணத்தில் முறைகேடு, ஆட்டக்காரர்களைப் போர்முனைக்கு அனுப்பாமல் காப்பாற்றியது போன்ற புகார்களும் வழக்கில் இருந்ததை, ஆவணங்களைப் பார்த்த ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். பெரியாவின் கால்பந்துப் பகை மட்டுமே காரணமா என்பதில் இன்னும் வாதம் உண்டு.

முகாமில் காப்பாற்றிய கால்பந்து

சைபீரிய முகாம் என்றால் பட்டினி, பனி, மரம் வெட்டும் வேலை. பல லட்சம் பேர் திரும்பவில்லை. ஸ்தாரோஸ்தின் பிழைத்தது கால்பந்தால். முகாம் அதிகாரிகள் எல்லோருக்கும் சொந்தமாக ஒரு அணி இருந்தது. நாடே அறிந்த ஸ்தாரோஸ்தின் கைதியாக வந்தால் விடுவார்களா? உக்தாவில் பயிற்சியாளர் வேலை, பிறகு தூர கிழக்கில் கபரோவ்ஸ்க். அவர் பயிற்சி கொடுத்த அந்த அணிகளின் பெயர் என்ன தெரியுமா? டைனமோ! முகாம்களை நடத்தியது ரகசிய போலீஸ் துறை, அதனால் அணியும் அவர்களுடையது.

1948-ல் ஒரு போன் அழைப்பு. மறுமுனையில் ஸ்டாலினின் மகன் வசீலி. மாஸ்கோ விமானப்படைத் தளபதியான அவருக்குத் தன் அணிக்கு ஒரு பயிற்சியாளர் வேண்டும். கைதியை விமானம் வைத்து மாஸ்கோவுக்குக் கொண்டுவந்தார். 24 மணி நேரத்தில் ஊரைவிட்டுப் போகச் சொல்லி பாதுகாப்புத் துறை ஆட்கள் வந்து நின்றார்கள். வசீலி விடவில்லை. தன் மாளிகையிலேயே, தன் படுக்கையிலேயே படுக்க வைத்துக்கொண்டார், தலையணைக்கு அடியில் துப்பாக்கியோடு!

ஒரு ராத்திரி வசீலி குடித்துவிட்டுத் தூங்க, ஸ்தாரோஸ்தின் ஜன்னல் வழியாக இறங்கி வீட்டுக்கு ஓடினார். மனைவி, மகள்களைப் பார்க்கத்தான். விடியும்போது போலீஸ் வாசலில். தெற்கே போகும் ரயிலில் ஏற்றினார்கள். வழியில் வசீலியின் ஆட்கள் இறக்கித் திரும்ப மாஸ்கோவுக்கே கூட்டி வந்தார்கள். இரண்டு யானைக்கு நடுவில் மாட்டிய செடி மாதிரி ஆனது அவர் நிலைமை. போதும், என்னை விட்டுவிடுங்கள் என்று அவரே கேட்டுக் கிளம்பினார். கடைசியில் கஜகஸ்தானின் அல்மா-அட்டாவில் நாடு கடத்தப்பட்டவராக வாழ்ந்தபடி அங்குள்ள அணிக்குப் பயிற்சி கொடுத்தார்.

1953-ல் ஸ்டாலின் இறந்தார். அதே ஆண்டு டிசம்பரில் பெரியாவுக்கு மரண தண்டனை. அடுத்த ஆண்டு ஸ்தாரோஸ்தின் விடுதலை. தம்பிகள் மூன்று பேரும் உயிரோடு திரும்பினார்கள்.

திரும்பி வந்து என்ன செய்தார்?

1955-ல் மறுபடி ஸ்பார்டக்கின் பொறுப்பு. 1990-கள் வரை, இடையில் சிறிது காலம் தவிர, அவர்தான் கிளப்பின் முகம். அந்த இடைவெளியில், 1976-ல்தான் ஸ்பார்டக் இரண்டாம் நிலை லீக்குக்கு இறங்கியது! தூக்கி நிறுத்த வந்த பயிற்சியாளர் கான்ஸ்தன்தின் பெஸ்கோவ், டைனமோவின் பழைய நட்சத்திரம். ரசிகர்களுக்கு ஜீரணிக்க முடியவில்லை. ஆனால் 1979-ல் ஸ்பார்டக் மறுபடி சாம்பியன்.

1982 அக்டோபர் 20-ம் தேதி, லுஷ்னிக்கி ஸ்டேடியத்தில் ஹாலந்தின் ஹார்லெம் அணியுடன் ஆடிய அன்று நெரிசலில் ஸ்பார்டக் ரசிகர்கள் பலர் இறந்தார்கள். அரசுக் கணக்கு 66. அந்த எண்ணிக்கையைக்கூட பல வருஷம் மறைத்து வைத்திருந்தார்கள்.

சோவியத் யூனியன் உடைந்த பிறகு ரஷ்ய லீக்கின் முதல் மூன்று பட்டங்களையும் ஸ்பார்டக் வென்றதை ஸ்தாரோஸ்தின் பார்த்தார். 1996 பிப்ரவரி 17-ல் காலமானார். 94-வது பிறந்தநாளுக்குச் சில நாட்களே இருந்தன.

ஸ்பார்டக் இப்போது எப்படி?

சோவியத் லீக் 12, ரஷ்ய லீக் 10. பட்டக் கணக்கு பெரியதுதான். ஆனால் 1992 முதல் 2001 வரை 10-ல் 9 பட்டம் அடித்த அணி, அதற்குப் பிறகு லீக் வென்றது ஒரே முறை, 2017-ல். 2022-ல் உக்ரைன் போரை அடுத்து ரஷ்ய கிளப்களுக்குத் தடை வந்தபோது, ஐரோப்பா லீக்கில் மிச்சமிருந்த ஸ்பார்டக் பாதியில் வெளியேற்றப்பட்டது. அதே ஆண்டு எண்ணெய் நிறுவனமான லூக்காயில் கிளப்பை வாங்கியது. 2024-25 சீசனில் கிராஸ்னோதார் சாம்பியனாக, ஸ்பார்டக்குக்குக் கிடைத்தது நான்காம் இடம்.

2014-ல் திறந்த ஸ்பார்டக்கின் சொந்த ஸ்டேடியத்துக்கு வெளியே பிரமாண்டமான ஸ்பார்ட்டகஸ் சிலை நிற்கிறது. உள்ளே ஸ்தாரோஸ்தின் சகோதரர்களுக்குச் சிலை. அந்தக் கிளப் 2022 மே மாதம் பெரிய கோப்பை ஒன்றைத் தூக்கியது, ரஷ்யக் கோப்பை இறுதியில். ஸ்கோர் 2-1. தோற்ற அணி, டைனமோ மாஸ்கோ.