டெலிபோன் கண்டுபிடித்த கிரகாம் பெல்... காது கேளாத குழந்தைகளுக்கு நண்பரா, எதிரியா?

அலெக்சாண்டர் கிரகாம் பெல் என்றாலே டெலிபோன்தான். ஆனால் அவரோ தன்னைக் காது கேளாதோரின் ஆசிரியர் என்று சொல்லிக்கொள்ளவே ஆசைப்பட்டார்.

1847-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தவர் பெல். அவருக்கு 12 வயது இருக்கும்போது அம்மா எலிசாவின் கேட்கும் திறன் குறையத் தொடங்கியது. மற்றவர்கள் அம்மாவின் காதுக்குழாயில் சத்தமாகப் பேசுவார்கள். பெல் மட்டும் நெற்றிக்குப் பக்கத்தில் வாயை வைத்து மெதுவாகப் பேசுவார். அந்த அதிர்விலேயே அம்மாவுக்குப் புரிந்துவிடும்.

அப்பா உச்சரிப்பு ஆசிரியர். பேசும்போது நாக்கும் உதடும் எப்படி அசைகின்றன என்பதைக் குறிகளாக வரைந்து காட்டியவர். அந்தக் குறிகளோடுதான் 1871-ல் அமெரிக்காவின் பாஸ்டனுக்குப் பாடம் நடத்தப் போனார் பெல்.

அங்கே ஜார்ஜ் சாண்டர்ஸ் என்ற 5 வயது சிறுவன். கையுறையில் எழுத்துகளை எழ்தி மாட்டிவிட்டு, ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி அவனோடு பேசினார். டெலிபோன் ஆராய்ச்சிக்குப் பணம் போட்டவர்களில் ஒருவர் அவன் அப்பா. இன்னொருவர் ஹப்பர்ட். அவரது மகள் மேபலும் பெல்லின் மாணவி. 5 வயதில் காய்ச்சலில் கேட்கும் திறனை இழந்தவர். 1876-ல் டெலிபோனுக்குக் காப்புரிமை, அடுத்த வருஷமே மேபலோடு கல்யாணம். உலகமே பேசிய அந்த போனில் மனைவியால் ஒரு வார்த்தைகூட கேட்க முடியாது!

1879-ல் கேட்கும் திறனை அளக்கும் ஆடியோமீட்டரை உருவாக்கினார். ஒலியை அளக்கும் டெசிபல் என்ற சொல்லில் இருப்பதும் அவர் பெயர்தான். 1886-ல், 6 வயது ஹெலன் கெல்லரோடு வந்த அப்பாவுக்கு வழிகாட்டியதும் பெல்தான். மறு வருஷம் ஆசிரியை ஆனி சல்லிவன் வந்து சேர்ந்தார்.

இவ்வளவு செய்தவர் மேல் என்ன கோபம்? சைகை மொழி. எல்லாக் குழந்தைகளும் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு வாயால்தான் பேச வேண்டும் என்பதில் பெல் பிடிவாதமாக இருந்தார். மேபல் அப்படிப் பேசினார், உண்மைதான். ஆனால் பேச்சு வந்த பிறகுதான் அவருக்குக் காது போனது. பிறவியிலேயே கேட்காத குழந்தைக்கு அந்த வாய்ப்பே இல்லை. இந்த வித்தியாசத்துக்கு பெல் போதிய மதிப்பு கொடுக்கவில்லை. காது கேளாதவர்கள் தங்களுக்குள் திருமணம் செய்வதைக் குறைக்க வேண்டும் என்றும் 1883-ல் ஒரு ஆய்வுரையில் வாதிட்டார்.

1880-ல் இத்தாலியின் மிலன் நகரில் கூடிய ஆசிரியர்கள் மாநாடு, வகுப்பறையில் சைகை மொழி வேண்டாம் எனத் தீர்மானித்தது. பெல் அதில் கலந்துகொள்ளவில்லை. ஆனால் அமெரிக்காவில் அந்தக் கொள்கையின் பெரிய குரல் அவர்தான். பல பள்ளிகளில் சைகை செய்த பிள்ளைகளின் கைகளில் அடி விழுந்தது.

1922 ஆகஸ்ட் 2-ல் கனடாவில் பெல் இறந்தார். இறுதிச் சடங்கின்போது வட அமெரிக்காவின் டெலிபோன்கள் ஒரு நிமிடம் மௌனமாயின. மிலன் தீர்மானத்துக்கு சர்வதேச மாநாடு வருத்தம் தெரிவித்தது 2010-ல்தான். அதற்குள் 130 வருஷம் ஓடிப்போயிருந்தது.