படிக்க வந்த பிள்ளைக்குப் படுக்க இடம் கொடுத்த ராஜா

ஊரில் கல்லூரி இருக்கிறது. படிக்க ஆசைப்படும் பையனும் இருக்கிறான். ஆனால் அவன் கிராமமோ வெகு தூரம். நகரத்தில் தெரிந்தவர் யாரும் இல்லை. ஜாதியைக் கேட்டதும் வீடு கொடுக்க மறுக்கிறார்கள். சாப்பாட்டுக்கும் வழி இல்லை. அவன் எப்படிப் படிப்பான்?

இந்தக் கேள்விக்கு ஒரு ராஜா விடை கண்டார். அவர்தான் கோலாப்பூர் சாகு மகாராஜா.

தத்து வந்த பிள்ளை

கோலாப்பூர், மராட்டிய மாநிலத்தின் தெற்கே உள்ள நகரம். வெள்ளையர் காலத்தில் அது தனி சமஸ்தானம்.

சாகு பிறந்தது 1874-ம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி. பெற்றோர் வைத்த பெயர் யஷ்வந்த்ராவ். பட்டத்துக்கு வாரிசு இல்லாததால், 1884-ல் அவரை அரண்மனைக்குத் தத்து எடுத்தார்கள். 1894-ல், 20 வயது நிரம்பும் முன்பே ஆட்சிப் பொறுப்பை ஏற்றார்.

மன்னருக்கே அவமானம்

ஒரு நாள் பஞ்சகங்கை ஆற்றில் நீராடப் போனார் மன்னர். புரோகிதர் வேத மந்திரம் சொல்லவில்லை. மன்னர் அதற்கு உரிய குலத்தில் பிறக்கவில்லையாம்!

நாட்டுக்கு ராஜா. ஜாதியில் மட்டம்! ராஜாவுக்கே இந்தக் கதி என்றால், சேரிப் பிள்ளையின் கதி என்ன?

பெயர்தான் பொது

கோலாப்பூரில் ராஜாராம் கல்லூரி இருந்தது. அங்கே படித்தவர்களில் பெரும்பாலோர் முன்னேறிய வகுப்புப் பிள்ளைகள். சர்க்கார் உத்தியோகமும் அவர்களுக்கே போயிற்று.

1896-ல் எல்லா ஜாதி மாணவருக்கும் பொதுவாக ஒரு விடுதி அமைத்தார் மன்னர். பெயர்தான் பொது. நாளடைவில் அதிலும் முன்னேறிய வகுப்பு மாணவர்களே நிறைந்தார்கள்.

மன்னர் வேறு வழி கண்டார். 1901-ல் மராட்டியப் பிள்ளைகளுக்கு ஒரு விடுதி. அதே ஆண்டில் ஜைனர்களுக்கு ஒன்று. 1906-ல் முஸ்லிம்களுக்கு ஒன்று. 1908-ல், தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கும் ஒரு விடுதி எழுந்தது. இப்படி ஏறக்குறைய 20 விடுதிகள்!

மன்னர் நிலம் கொடுத்தார், பணம் கொடுத்தார். அந்தந்த சமூகத்துப் பெரியவர்கள் நிர்வாகத்தைக் கவனித்தார்கள். கிராமத்துப் பையன் மூட்டையோடு வந்து இறங்கினால், தங்க ஒரு கூரை இருந்தது. பசிக்குச் சோறு இருந்தது.

உத்தியோகத்தில் பாதி

படித்த பிள்ளைக்கு வேலை வேண்டாமா? 1902-ல் மன்னர் இங்கிலாந்து போயிருந்தார். அங்கிருந்தபடியே ஓர் உத்தரவு போட்டார். ஜூலை 26-ந் தேதி அது வெளியாயிற்று. இனிமேல் காலியாகும் உத்தியோகங்களில் நூற்றுக்கு 50 பின்தங்கிய வகுப்பினருக்கு!

1917-ல் ஆரம்பக் கல்வியை இலவசமாக்கினார்; கட்டாயமும் ஆக்கினார். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு மாதம் 1 ரூபாய் அபராதம்.

1920-ல் அம்பேத்கர் மேல்படிப்புக்காக மீண்டும் லண்டன் புறப்பட்டார். அவருக்கும் பண உதவி செய்தவர் சாகு மகாராஜா.

1922-ம் ஆண்டு மே 6-ந் தேதி, பம்பாயில் மன்னர் காலமானார். அப்போது அவருக்கு 48 வயதுகூட நிறையவில்லை.

ஜாதி வளராதா?

ஜாதிக்கு ஒரு விடுதி என்றால் ஜாதி வளராதா? நியாயமான கேள்விதான். மன்னரும் பிரிவினை விரும்பியவர் அல்லர். 1919-ல், தீண்டாதாருக்கு என்று இருந்த தனிப் பள்ளிகளை மூடச் செய்தார். எல்லாப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் சேர்ந்து படிக்க உத்தரவிட்டார்.

அந்தக் கேள்விக்கு இன்னொரு பதிலும் உண்டு. கோலாப்பூர் ஜைன விடுதியில் தங்கிப் படித்த மாணவர்களில் ஒருவர் பாவுராவ் பாட்டீல். அவர் 1924-ல் சதாரா நகரில் ஒரு விடுதி தொடங்கினார். அங்கே எல்லா ஜாதிப் பிள்ளைகளும் ஒன்றாகத் தங்கினார்கள், ஒன்றாகச் சாப்பிட்டார்கள். அந்த விடுதிக்கு சாகு மகாராஜாவின் பெயர்! 1947-ல் அதே ஊரில் ஒரு கல்லூரியும் திறந்தார் பாட்டீல். பணம் இல்லாத மாணவர்கள் அங்கே உழைத்துக்கொண்டே படித்தார்கள்.

ஒரு ஜாதி விடுதியில் தங்கிய மாணவர், எல்லா ஜாதிக்கும் விடுதி கட்டினார்.

கல்லூரிக் கதவைத் திறந்து வைப்பது நல்ல காரியம். அந்தக் கதவு வரை ஏழைப் பிள்ளை வந்து சேர, அவனுக்குச் சோறும் வேண்டும். படுக்க இடமும் வேண்டும். அதை அறிந்து செய்தவர் சாகு மகாராஜா.